பெயரை மறைத்து எழுதியவர்: தௌபீக் அல் ஹகீமின் நாடகப் பாதை

1924ஆம் ஆண்டளவில் கெய்ரோவின் அஸ்பக்கிய்யா பூங்கா அரங்கிற்கு நாடகம் பார்க்கப் போனவர்கள் 'ஹுஸைன் தௌபீக்' என்றொரு நாடகாசிரியரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். உக்காஷா சகோதரர்களின் குழுவுக்குப் பாட்டும் பகிடியும் கலந்த நாடகங்களை எழுதிக்கொடுத்த இளைஞர் அவர். அந்தப் பெயர் பொய்ப்பெயருமல்ல, முழுப்பெயருமல்ல. முழுப்பெயர் ஹுஸைன் தௌபீக் அல் ஹகீம். குடும்பத்தை அடையாளம் காட்டும் கடைசித் துண்டை மட்டும் வேண்டுமென்றே வெட்டிவிட்டிருந்தார். வாப்பா நீதித்துறையில் பெரிய உத்தியோகத்தர். மகனைத் தலைநகருக்கு அனுப்பியது சட்டம் படிக்க. அவன் கூத்தாடிகளோடு சேர்ந்து திரிகிறான் என்ற செய்தி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

நவீன அரபு நாடகத்தின் தந்தை என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டவரின் தொடக்கம் இதுதான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1933இல் வெளிவந்த 'அஹ்லுல் கஹ்ஃப்' நாடகத்திலிருந்து கதையைத் தொடங்குவார்கள். ஒளித்து ஒளித்து எழுதிய அந்த முந்திய வருடங்களை ஒரு பந்தியில் கடந்து போய்விடுவார்கள். எனக்கென்னவோ அந்த வருடங்களில்தான் முழு விஷயமும் கிடக்கிறது என்று படுகிறது. எதைப் பின்னால் அவர் தள்ளிவைத்தாரோ அதுவே கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது.

இலங்கை முஸ்லிம்களுக்கு எகிப்து ஒன்றும் அந்நியமான நாடல்ல. 1883இல் ஆங்கிலேயர் இங்கே நாடுகடத்திக் கொண்டுவந்த ஒறாபி பாஷா 1901 வரை நம்மிடையே இருந்தார். 1892இல் மருதானையில் தொடங்கப்பட்டு இன்று ஸாஹிறாக் கல்லூரியாக நிற்கும் பாடசாலைக்குப் பின்னால் சித்திலெப்பையின் உழைப்போடு அவருடைய ஊக்கமும் இருந்தது. சித்திலெப்பை 1885இல் எழுதிய அசன்பேயின் கதை எகிப்தில்தான் தொடங்குகிறது. மிஸ்ரின் உலமாக்களை அறிவோம், காரிகளின் கிராஅத்தை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்தோம். அதே மண்ணில் நாடகம் என்ற கலை என்ன பாடுபட்டது என்பதைப் பற்றி மட்டும் நாம் பேசியது குறைவு.

அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாடக நடிகனுக்கு அங்கே 'முஷக்ஹிஸாத்தி' என்று ஒரு பெயர். நம்மூரில் கூத்தாடி என்றால் எந்தத் தொனியில் சொல்வார்களோ அதே தொனி. அப்படிப்பட்டவனின் சாட்சியம் ஷரீஆ நீதிமன்றத்தில் எடுபடாது என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. யூஸுப் வஹ்பி ஒரு பாஷாவின் மகன். நடிப்பில் இறங்கியதற்காகக் குடும்பத்தின் கோபத்துக்கு ஆளாகி, இத்தாலிக்குப் போய்ப் பயின்று வந்து, 1923இல் 'றம்ஸீஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. எகிப்திய இசை நாடகத்தைத் தன் குரலால் தூக்கி நிறுத்திய ஷேக் ஸலாமா ஹிஜாஸி முதலில் அலெக்சாந்திரியாவில் முஅத்தினாக இருந்தவர், குர்ஆன் ஓதியவர். பாங்கு சொன்ன அதே தொண்டையில் றோமியோவின் பாட்டையும் பாடினார். சனம் ஏசவும் செய்தது, டிக்கட் எடுத்துப் போய்க் கேட்கவும் செய்தது. இந்த இரட்டை மனம் நமக்கும் பழக்கமானதுதான்.

தௌபீக் 1898இல் அலெக்சாந்திரியாவில் பிறந்தார். தந்தை இஸ்மாயீல் அல் ஹகீம் கிராமத்து வேர்கள் உள்ளவர், படித்து நீதித்துறையில் உயர்ந்தவர். தாய் துருக்கிய வழி. அதில் அவருக்குப் பெருமை அதிகம். கிராமத்து விவசாயிகளின் பிள்ளைகளோடு மகன் பழகுவதை அவர் விரும்பவில்லை. ஆனால் அந்தத் தாயே மகனுக்குக் கதைப் பைத்தியத்தையும் ஏற்றிவிட்டவர். ஆயிரத்தொரு இரவுகள், அன்தராவின் வீரக் கதை என்று தான் வாசித்தவற்றையெல்லாம் வீட்டாருக்குச் சொல்வார். தந்தையோ பழைய அரபுக் கவிதைகளை மனனம் செய்யச் சொல்லிக் கண்டிப்புக் காட்டுவார். உம்மாவிடம் கதை, வாப்பாவிடம் பாடம். 1964இல் எழுதிய 'ஸிஜ்னுல் உமுர்' என்ற சுயசரிதையில் இந்த இரண்டு பேரையும் அவர் மிகைப்படுத்தாமல், கொஞ்சம் கசப்போடு காட்டுகிறார். வாழ்க்கை என்ற சிறை என்பதுதான் அந்தத் தலைப்பின் கருத்து. பெற்றோரிடமிருந்து வந்த குணங்களே மனிதனை அடைத்துவைக்கும் சுவர்கள் என்பது அவருடைய எண்ணம்.

உயர்தரப் படிப்புக்காகக் கெய்ரோவுக்கு வந்து சிறிய தந்தைமாரோடு தங்கியபோது கட்டு தளர்ந்தது. பாரிஸில் பயின்று திரும்பியிருந்த ஜோர்ஜ் அப்யழ், ஈடிப்பஸையும் ஒதெல்லோவையும் அரபில் மேடையேற்றிக்கொண்டிருந்த காலம் அது. நஜீப் அல் றைஹானியின் நகைச்சுவைக்குக் கூட்டம் அலைமோதியது. ஸையித் தர்வேஷின் மெட்டுகள் தெருவெல்லாம் ஒலித்தன. இவ்வளவும் நடக்கும் நகரத்தில் ஓர் இளைஞனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சட்டப் புத்தகத்தை மட்டும் படி என்றால் எப்படி?

1919 மார்ச்சில் ஸஃத் ஸக்லூலை ஆங்கிலேயர் மால்ட்டாவுக்கு நாடுகடத்தியதும் நாடே கிளர்ந்தது. தௌபீக்கும் சிறிய தந்தைமாரும் கைதானார்கள். தந்தையின் செல்வாக்கால் சிறையிலிருந்து இராணுவ வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, பின் விடுதலையானார். அந்த வருடத்துச் சூட்டில் எழுதியதுதான் அவருடைய முதல் முழு நாடகம், 'அழ்ழைபுத் தகீல்'. தொல்லைபிடித்த விருந்தாளி என்று சொல்லலாம். ஒரு சட்டத்தரணியின் வீட்டுக்கு ஒருநாள் தங்கவென்று வந்த விருந்தாளி மாதக்கணக்கில் போகாமல் இருக்கிறான். போதாததற்குச் சட்டத்தரணி வெளியே போன நேரம் பார்த்து, வரும் கட்சிக்காரர்களிடம் தானே வீட்டுக்காரன்போல நடித்துப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறான். விருந்தாளி யார் என்று எகிப்தில் ஒருவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. தணிக்கைக்காரருக்கும் தேவையிருக்கவில்லை. நாடகம் மேடையேறவில்லை, பிரதியும் தொலைந்துபோய்விட்டது.

முதல் நாடகமே இப்படியாகிவிட்ட பிறகும் அவர் விடவில்லை. சட்டக் கல்லூரிக் காலத்தில் உக்காஷா குழுவோடு நெருக்கமானார். எகிப்து வங்கியை நிறுவிய தல்அத் ஹர்ப்பின் ஆதரவு அந்தக் குழுவுக்கு இருந்தது; பூங்காவிலே ஒழுங்கான அரங்கும் இருந்தது. அக்காலத்து நாடக எழுத்து எப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றை எடுத்து, பாத்திரங்களுக்கு எகிப்தியப் பெயர் சூட்டி, நாலைந்து பாட்டுச் செருகி, ஊர்ப் பேச்சில் உரையாடல் எழுதிக்கொடுப்பது. 'இக்திபாஸ்' என்பார்கள், தழுவல். எழுதியவரை யாரும் இலக்கியவாதியாக மதிப்பதில்லை. பாடகருக்குப் பேர், குழுத் தலைவருக்குக் காசு, எழுதியவருக்கு மிச்சம்.

தௌபீக் அந்தப் பட்டறையில்தான் தொழில் பழகினார். முஸ்தபா மும்தாஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 'காதம் ஸுலைமான்' என்ற இசை நாடகத்தை எழுதினார். 'அல் அரீஸ்' என்ற நகைச்சுவை, 'அலி பாபா', 'அல் மர்அதுல் ஜதீதா' எல்லாம் அந்தக் காலத்தவை. கடைசியாகச் சொன்னதன் தலைப்பு 'புதுமைப் பெண்' என்று பொருள்படும். ஹுதா ஷஃறாவி கெய்ரோ ரயில் நிலையத்தில் முகத்திரையை நீக்கிய 1923இல் எழுதப்பட்டது. பெண்களின் புதிய சுதந்திரத்தைக் கேலிசெய்யும் நாடகம். பெண்களின் எதிரி என்ற பட்டம் பின்னாளில் அவருக்கு ஒட்டிக்கொண்டதற்கு இது ஒரு தொடக்கம். என்னைக் கேட்டால், கேலி இருக்குமளவுக்கு அதில் சிந்தனை இல்லை. ஆனால் ஆட்களை எப்போது மேடைக்குக் கொண்டுவருவது, எப்போது வெளியேற்றுவது, சிரிப்பை எங்கே வைப்பது என்ற கைப்பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைப் புத்தகம் படித்துப் பெற முடியாது.

விஷயம் எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. 1925இல் சட்டப் பட்டம் கிடைத்தபோது, மகனை இந்தக் கூட்டத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்று தந்தை யோசித்தார். தன் பழைய நண்பரும் எகிப்தின் பெரிய அறிஞருமான அஹ்மத் லுத்பி அல் ஸையிதிடம் ஆலோசனை கேட்டார். பாரிஸுக்கு அனுப்பு, சட்டத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று அவர் சொன்னார். நல்ல ஆலோசனைதான். நாடகப் பைத்தியத்தைத் தீர்க்க ஒரு பிள்ளையைப் பாரிஸுக்கு அனுப்புவது, இனிப்பு வியாதிக்காரனை மஸ்கட் கிண்டும் வீட்டில் தங்கவைப்பதுபோல என்று மட்டும் அந்த இருவருக்கும் தோன்றவில்லை.

1926இல் 'அலி பாபா'வும் 'அல் மர்அதுல் ஜதீதா'வும் கெய்ரோவில் மேடையேறியபோது அவற்றை எழுதியவர் பாரிஸில் இருந்தார். சட்ட விரிவுரைகளைவிட லூவ்ர் அருங்காட்சியகமும் இசைக் கச்சேரிகளும் நாடக அரங்குகளும் அவரை இழுத்தன. ஓடியன் அரங்கின் டிக்கட் யன்னலுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்து ஏமாந்ததும் உண்டு. 'உஸ்பூர் மினஷ் ஷர்க்' நாவல் அந்த அனுபவத்தின் மேல் எழுந்தது. பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1943இல் 'ஸஹ்றதுல் உமுர்' என்று நூலாயின. வெறிபிடித்ததுபோல வாசிக்கும் ஓர் இளைஞனை அங்கே காணலாம். கிரேக்கர், ஷேக்ஸ்பியர், இப்ஸன், பெர்னாட் ஷா, பிரண்டெல்லோ, எல்லோரும் ஒரே நேரத்தில்.

பாரிஸில் அவரை அதிர வைத்தது ஒரு சாதாரண விஷயம். அங்கே நாடகத்தைப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிப்பிக்கிறார்கள். நாடகாசிரியன் கவிஞனுக்கும் தத்துவஞானிக்கும் பக்கத்தில் உட்காருகிறான். தன் பெயரில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு எழுதியவருக்கு இது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரபு மொழியிலும் நாடகத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுத்தார். அதோடு அஸ்பக்கிய்யாவில் தான் எழுதியவற்றை மனதாலே ஒதுக்கியும் வைத்துவிட்டார்.

1928இல் ஊர் திரும்பினார். பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது, கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. பெற்றோருக்கு அது பெரிய ஏமாற்றம். அரச வழக்குத்தொடுநரின் பிரதிநிதி, அதாவது 'நாஇப்', என்ற பதவி கிடைத்தது. தன்தா, தமன்ஹூர், தஸூக் என்று நைல் கழிமுகத்து ஊர்களில் 1930களின் தொடக்கம்வரை வேலை. நடுச்சாமத்தில் எழுப்புவார்கள், எங்கோ ஒரு வயலில் ஒருவன் சுடப்பட்டுக் கிடப்பான், போய் வாக்குமூலம் எழுத வேண்டும். பிரெஞ்சு மாதிரியில் செய்யப்பட்ட சட்டத்தை, அதன் ஓர் எழுத்தும் விளங்காத விவசாயியின் மேல் பிரயோகிக்க வேண்டும். கால்வாயில் உடுப்புக் கழுவியதற்குத் தண்டம். இந்த அனுபவத்தை 1937இல் 'யவ்மிய்யாத் நாஇப் ஃபில் அர்யாஃப்' என்ற நாவலாக எழுதினார். சிரிக்கச் சிரிக்க வாசித்துவிட்டுப் பிறகு மனம் கனத்துப்போகும் நூல் அது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அபா எபன். பின்னாளில் இஸ்ரேலின் வெளிநாட்டமைச்சரான அதே ஆள்தான்! வரலாற்றுக்கும் சில வேளை பகிடி பிடிக்கும்.

நாடகத்துக்கு வருவோம். 1933இல் வெளிவந்த 'அஹ்லுல் கஹ்ஃப்' ஒரு துணிச்சலான தேர்வு. வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதும் ஸூராவிலிருந்து எடுத்த கதை. கொடுங்கோலனிடமிருந்து ஈமானைக் காப்பாற்றக் குகையில் ஒதுங்கிய இளைஞர்கள் 309 வருடம் உறங்கி எழும்புகிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதில் மக்கள் கொண்ட கருத்து வேற்றுமையைக் குர்ஆனே எடுத்துச் சொல்லி, சரியான கணக்கை அல்லாஹ்விடம் விட்டுவிடுகிறது. தப்ஸீர் ஆசிரியர்கள் பலர் ஏழு பேர் என்ற கருத்தின் பக்கம் சாய்வார்கள். அல் ஹகீம் மூன்று பேரையும் நாயையும் எடுத்துக்கொண்டார். அதற்கு மார்க்க நியாயம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஏழு பேருக்கும் தனித்தனி மனம் கொடுத்து ஒரு துயர நாடகம் எழுத எவராலும் லேசில் முடியாது. மூன்று பேருக்குக் கொடுக்கலாம்.

டீஸியஸ் மன்னனின் அரண்மனையில் பெரிய பதவியில் இருந்த மிஷ்லீனியா, மர்னூஷ், அவர்களுடன் ஓர் ஆட்டிடையன், யம்லீகா. கூடவே கித்மீர் என்ற நாய். எழும்பி வந்தவர்களை ஊர் வலிமார்களாக வரவேற்கிறது. அவர்கள் தேடுவதோ வேறு. யம்லீகா தன் ஆடுகளைத் தேடுகிறான். முந்நூறு வருடத்துக்குப் பிறகு ஆடு எங்கே? மூவரில் முதலில் உண்மையை விளங்கிக்கொண்டு குகைக்குத் திரும்புகிறவன் இந்த எளிய மனிதன்தான். மர்னூஷ் மகனுக்குப் பரிசு வாங்கிக்கொண்டு வீடு தேடிப் போகிறான். வீடிருந்த இடத்தில் சந்தை. மகன் அறுபது வயதில் இறந்து எத்தனையோ தலைமுறையாகிவிட்டது. தகப்பனைவிட வயது மூத்த மகனின் கப்றுக்கு முன்னால் நிற்கும் தகப்பன்! மிஷ்லீனியா கடைசிவரை பிடிவாதமாக இருக்கிறான். அவன் காதலித்த டீஸியஸின் மகள் ப்ரிஸ்காவைப் போலவே முகமும் அதே பெயருமுள்ள ஓர் இளவரசி இப்போது அரண்மனையில் இருக்கிறாள். அவள் வேறு பெண் என்று ஏற்க அவன் மனம் இடங்கொடுப்பதில்லை. ஏற்றபோது அவனுக்கும் குகையைத் தவிரப் போக்கிடமில்லை. இறுதியில் இந்தப் புதிய ப்ரிஸ்காவும் அவனோடு இருக்கக் குகைக்குள்ளே போகிறாள்.

ஸூராவில் இந்தச் சம்பவம் மறுமையில் எழுப்பப்படுவதற்கான அத்தாட்சி. அல் ஹகீம் அதை மனிதனுக்கும் காலத்துக்கும் இடையிலான போராட்டமாக, அதிலே மனிதன் தோற்பதாக எழுதினார். இதை வாசித்துச் சங்கடப்படும் முஸ்லிம் வாசகர் இருக்கலாம். அந்தச் சங்கடத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர் செய்ய முயன்றதன் பாரத்தையும் பார்க்க வேண்டும். நம் முன்னோர் அரிஸ்டோட்டிலின் கவிதையியலைப் பத்தாம் நூற்றாண்டிலேயே அரபுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் கிரேக்க நாடகம் ஒன்றையும் கண்ணால் கண்டிராததால், துயர நாடகத்தைப் புகழ்ப்பா என்றும் இன்ப நாடகத்தை வசைப்பா என்றும் விளங்கிக்கொண்டார்கள். இப்னு ருஷ்த் போன்ற பேரறிஞரும் அப்படித்தான் எழுதினார். அரபுகளிடம் நாடகம் ஏன் வளரவில்லை என்ற கேள்வியை அல் ஹகீம் 1949இல் தன் 'அல் மலிக் ஊதீப்' நாடக முன்னுரையில் நீளமாக ஆராய்கிறார். நிலையாக ஓரிடத்தில் நிற்கும் அரங்கு, அலைந்து திரியும் வாழ்க்கையில் எப்படி எழும்பும் என்பது அவருடைய ஒரு விளக்கம். அந்த நூற்றாண்டுக்கணக்கான இடைவெளிக்கு மேல் பாலம் போட, முஸ்லிம் ஒவ்வொருவனுக்கும் நெஞ்சில் பதிந்த கதையைவிடப் பலமான மரம் கிடைக்காது என்று அவர் கணித்திருக்க வேண்டும்.

கணிப்பு பிழைக்கவில்லை. தாஹா ஹுஸைன் 'அர்ரிஸாலா' சஞ்சிகையில் இந்த நாடகத்தை அரபு இலக்கியத்தில் ஒரு புதிய நிகழ்வென்று வரவேற்று எழுதினார். அன்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். நேற்றுவரை கிராமத்து வழக்குகளுக்கு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர், முழுப் பெயரோடு, எகிப்தின் முதல்தர எழுத்தாளராகிவிட்டார். அதே வருடம் 1919 எழுச்சியைப் பற்றிய 'அவ்ததுர் றூஹ்' நாவல், அடுத்த வருடம் 'ஷஹ்றஸாத்' நாடகம். ஆனால் தாஹா ஹுஸைன் வெறும் பாராட்டோடு நிற்கவில்லை. மொழிப் பிழைகளைச் சுட்டினார். தத்துவம் மேலோங்கி உரையாடல் நீண்டு, மேடைக்குக் கஷ்டமாகிவிட்டது என்றும் சொன்னார். புகழுரையில் ஒளிந்துகிடக்கும் இந்த மாதிரி வாக்கியத்தை எழுத்தாளர்கள் கவனிப்பதில்லை.

1935இல் எகிப்து அரசு தேசிய நாடகக் குழுவைத் தொடங்கியது. கவிஞர் கலீல் முத்றான் தலைமை. தொடக்க நாடகமாக 'அஹ்லுல் கஹ்ஃப்' தெரிவானது, ஸகி துலைமாத் நெறியாள்கை செய்தார். ஓர் இளம் நாடகாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மேடையில் அது எடுபடவில்லை. சபையோருக்குச் சலிப்புத் தட்டியது. வாசிக்கும்போது நெஞ்சை அள்ளிய நீண்ட பேச்சுகள், நடிகர் வாயில் வரும்போது வெறும் பேச்சாகவே நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு அவர் எடுத்த நிலைப்பாடு விவாதத்துக்குரியது. என் அரங்கு மனதுக்குள்ளே இருக்கிறது, என் பாத்திரங்கள் எண்ணங்கள், வாசகனிடம் அவற்றைக் கொண்டுபோகும் பாலம் அச்சகம்தான் என்ற கருத்தில் 1942இல் 'பிக்மாலியோன்' முன்னுரையில் எழுதினார். 'அல் மஸ்றஹுத் திஹ்னீ', மன அரங்கு, என்ற பெயர் இலக்கிய வரலாறுகளில் நிலைத்துவிட்டது. நாங்களும் பட்டப்படிப்புக் காலத்தில் நாடகங்களைப் படிப்பதற்குரியவை, நடிப்பதற்குரியவை என்று பிரித்துப் படித்தவர்கள்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்த முன்னுரையில் கொள்கை பாதி, காயம் பாதி. அஸ்பக்கிய்யாவில் சனத்தைச் சிரிக்க வைத்த கைக்குத் தேசிய அரங்கில் சனத்தை உட்கார வைக்க முடியவில்லையே என்ற காயம்.

1943இல் அரச உத்தியோகத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானார். பிறகு கிடைத்த பத்திரிகை வேலை ஒரு நன்மை செய்தது. 'அக்பாருல் யவ்ம்' பத்திரிகைக்காகச் சின்னச் சின்ன நாடகங்களை எழுதத் தொடங்கினார். வாடகை வீட்டுச் சண்டை, கந்தோர் இலஞ்சம், யுத்தத்தில் பணம் பண்ணியவர்கள், கல்யாணப் பேச்சு. 1950இல் இவற்றில் 21 நாடகங்கள் 'மஸ்றஹுல் முஜ்தமஃ' என்று ஒரே தொகுதியாக வந்தன. சனிக்கிழமை பேப்பர் வாங்கும் சாதாரண ஆளுக்கு எழுதும்போது நீளமாகத் தத்துவம் பேச முடியாது. பழைய கைப்பழக்கம் மெல்லத் திரும்பி வந்தது.

மிச்சமிருந்தது மொழிப் பிரச்சினை. அரபு நாடகாசிரியன் பேனாவை எடுத்தவுடனேயே இந்தக் கேள்வி குறுக்கே நிற்கும். குர்ஆனின் வழிவந்த இலக்கிய அரபான 'புஸ்ஹா'வில் எழுதினால் மொரோக்கோ முதல் ஈராக் வரை விளங்கும், ஆனால் விவசாயி அப்படிப் பேசமாட்டான். ஊர்ப் பேச்சில் எழுதினால் மேடையில் உயிர் இருக்கும், கெய்ரோவைத் தாண்டினால் மதிப்பிருக்காது. இந்த இக்கட்டை நமக்கு விளக்க வேண்டியதில்லை. 'வாப்பா வந்திட்டாங்களா' என்று வீட்டில் கேட்கும் பிள்ளை, பாடசாலை நாடகத்தில் 'தந்தையார் வந்துவிட்டாரா' என்று கேட்கும்போது சபையில் எழும் சிரிப்பைத் தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் போய்வரும் ஆசிரியர்கள் எல்லோரும் கேட்டிருப்போம்.

1956இல் வந்த 'அஸ்ஸஃப்கா' நாடகத்தில் அல் ஹகீம் ஒரு தந்திரம் செய்தார். இலக்கணப்படி உச்சரித்தால் புஸ்ஹாவாகவும், காஃப் எழுத்தைக் கிராமத்து மாதிரி மாற்றி ஊர் வழக்கில் உச்சரித்தால் பேச்சாகவும் ஒலிக்கும் வாக்கியங்களை மட்டுமே தெரிந்தெடுத்து எழுதினார். 'மூன்றாவது மொழி' என்று அதற்குப் பெயர். கதையும் வாக்குமூலம் எழுதித் திரிந்த அந்தக் கிராமங்களிலிருந்து வந்தது. ஒரு பெல்ஜியக் கம்பனி விற்கப்போகும் காணியைக் கூட்டாக வாங்க விவசாயிகள் காசு சேர்க்கிறார்கள். தற்செயலாக அந்த ஸ்டேசனில் இறங்கிய ஒரு பெரும் பணக்காரர், காணியைத் தட்டிப்பறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து, போட்டிக்கு வராமலிருக்க அவருக்குக் காசைக் கட்டுகிறார்கள். காணியைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதர் காசை வாங்கிக்கொண்டு, பிள்ளை பார்க்க என்று மப்ரூக்கா என்ற பெண்ணையும் அனுப்பச் சொல்கிறார். அவள் போகிறாள். போய், கொலரா வந்ததுபோல நடித்து அந்த வீட்டையே கலங்கடித்துவிட்டுத் தப்பி வருகிறாள். திறந்த வெளி, ஊர்க் கூட்டம், பாட்டு, ஆட்டம், ஆள்மாறாட்டம், உரிய இடத்தில் சிரிப்பு.

இந்தப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். 1924இல் உக்காஷா சகோதரர்கள் ஹுஸைன் தௌபீக்கிடம் கேட்டு வாங்கியவை இவைதான். பாரிஸிலிருந்து வந்தபின் இலக்கியமாகாது என்று ஒதுக்கிவைத்த சரக்கு, முப்பது வருடத்துக்குப் பிறகு அவரை மேடையில் காப்பாற்றியது. அஹ்லுல் கஹ்ஃபில் கற்ற ஆழம் இல்லாமல் அஸ்ஸஃப்கா இல்லை என்பதும் உண்மை. விருந்தாளி என்று எண்ணி ஏமாந்த அந்த முதல் நாடகத்தின் கரு, ஆளைப் பிழையாக மட்டிடும் கரு, இங்கே எவ்வளவு முதிர்ச்சியோடு திரும்பி வந்திருக்கிறது!

பிறகு வந்தவை தெரிந்தவை. தன் வாலிபத்தில் 'அவ்ததுர் றூஹ்' வாசித்து மனம் பறிகொடுத்த ஜமால் அப்துல் நாஸர் ஆட்சியில் அவருக்கு அரச கௌரவங்கள் கிடைத்தன. 1960இல் எழுதிய 'அஸ்ஸுல்தானுல் ஹாஇர்' அதே நாஸரின் காலத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி: அடிமையாக இருந்து முறைப்படி விடுதலை பெறாத மம்லூக் சுல்தான் வாளால் தீர்ப்பதா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஏலத்தில் நிற்பதா? சுல்தான் ஏலத்தில் நிற்கிறார். 1962இல் 'யா தாலிஅஷ் ஷஜறா', அபத்த நாடகம். தலைப்பை ஊர்ச் சிறுவர் பாட்டிலிருந்து எடுத்திருந்தார். அறுபதுகளில் கெய்ரோவின் ஓர் அரங்குக்கு 'மஸ்றஹுல் ஹகீம்' என்று பெயரிட்டார்கள். 1987 ஜூலை 26இல் அவர் காலமானார்.

உக்காஷா காலத்து எழுத்துகளில் பெரும்பகுதியை அவர் நூலாக்க அவசரப்படவில்லை. 'அல் மர்அதுல் ஜதீதா'கூட 1950களில்தான் அச்சேறியது. அல் ஹகீமைப் படிக்க விரும்பும் நமது மாணவர்களுக்கு 'அஹ்லுல் கஹ்ஃப்' கையில் கிடைத்தால் நல்லது, 'அஸ்ஸஃப்கா' கிடைத்தால் அதைவிட நல்லது. இரண்டாவதைத் தமிழில், நம்மட பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு மூன்றாவது மொழியைத் தேடி, யாராவது செய்து பார்க்க வேண்டும். காணிச் சண்டையும் பெரிய மனிதருக்குக் கட்டும் காசும் மப்ரூக்காவின் கெட்டித்தனமும் நமக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லாதவை.